இருபத்தாறாயிரமும் ஒரு விள்ளல் தோசையும்

அன்றைக்கு அந்த வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். எங்கள் பக்கம் நாலு பேர்: என் அம்மா, நான், என் வீட்டுக்காரர், யாருக்காகப் போனோமோ அந்த என் தம்பி. பெண் வீட்டுப் பக்கம் நாலு பேர்: பெண், அவளுடைய அப்பா, அம்மா, அப்பாவின் அண்ணனான பெரியப்பா. ஒன்பதாவது ஆள் தரகர். அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கினார் என்பது மட்டும் தெரியும்.

நாங்கள் காரமடைக்காரர்கள். பெண் வீடு பெருந்துறைக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள் கட்டிய வீடு. தம்பிக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அதற்கு முன்னால் எத்தனை வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தோம் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வாள், நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் தூக்கம் போய்விடும். எனக்கு ஏற்கெனவே தூக்கம் குறைவு.

தம்பி அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இடைநிலை ஆசிரியர். காரமடையிலிருந்து மலைப்பக்கம் பஸ்ஸில் போய், அப்புறம் கொஞ்ச தூரம் நடக்க வேண்டிய ஊர். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் பிள்ளைகள், தலைமை ஆசிரியரோடு சேர்த்து இரண்டே வாத்தியார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். தம்பியைப் படிக்கவைக்கத்தான் நான் நின்றேன் என்று சொந்தக்காரர்கள் சிலர் உருக்கமாகச் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பத்தாவதில் பொதுத்தேர்வு வரும் என்று ஒரு டீச்சர் வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லி, எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. காய்ச்சல் போன பிறகும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அவ்வளவுதான்.

அவன் வாத்தியார் வேலைக்குப் போன நாளில் எங்கள் தெருவே வந்து வாழ்த்தியது. "கவர்மெண்டு சம்பளம், இனி என்னம்மா கொறை" என்றார்கள். பெண் தேட ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சம்பளத்துக்கு வெளியில் என்ன விலை என்று எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பக்கம் பெண்கள் குறைவு, மாப்பிள்ளைகள் நிறைய. பெண்ணைப் பெற்றவர்கள் நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி மாப்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் கனடா. ஒரு வீட்டில் சொந்தமாகப் பட்டறை இருக்கிறதா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், கவர்மெண்டு என்றால் சம்மதம்தான், ஆனால் வேறு டிபார்ட்மெண்டாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று இழுத்தார்கள்.

தரகர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதை விளக்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. வாத்தியாருக்கு மேல வருமானம்னு ஒண்ணு இல்லீங்களே. அதத்தான் யோசிக்கறாங்க."

தம்பி உள்ளேயிருந்து, "ஏனில்லீங்க? தெனமும் சாக்பீஸ்தூளு மேலதானுங்க விழுகுது" என்றான்.

அம்மாவே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்குப் பயம் வந்துவிடும்.

காரணம் இதுதான். நான் இட்லி தோசை மாவு அரைத்து விற்கிறேன். வீட்டிலிருந்த சின்ன கிரைண்டரில் ஆரம்பித்து, தெரு, அடுத்த தெரு, கடைகள் என்று போய், இரண்டு பெரிய கிரைண்டரும் ஒரு ஃப்ரீசரும் மூன்று ஃபேஸ் கரண்டும் இல்லாமல் முடியாது என்ற நிலைமைக்கு வந்தது. பேங்கில் கேட்டேன். வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்றார்கள். ஒரு தூக்குப் போசி மாவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டவா முடியும்? என் வீட்டுக்காரர் ஃபவுண்டரியில் வார்ப்பு வேலை. ஓவர்டைம் சேர்த்தால் இருபத்திரண்டாயிரம் வரும், சேர்க்காவிட்டால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவர் சம்பளத்தைப் பார்த்தும் பேங்கில் தலையாட்டவில்லை.

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். ஆசிரியர்களுக்கென்று இருக்கும் கூட்டுறவு சொசைட்டியில் போய்க் கையெழுத்துப் போட்டு, ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு வந்து என் மாவுக்கடை மேடை மேல் வைத்தான். "உன்ற கிரைண்டருக்கு நாந்தான் வாத்தியாரு" என்றான். அன்றிலிருந்து மாதா மாதம் அவன் சம்பளத்தில் பன்னிரண்டாயிரம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தை நான் அவன் கையில் கொடுத்துவிடுவேன். வெயில் காலத்தில் முழுதாகக் கொடுப்பேன். மழை பிடித்துவிட்டால் மாவு புளிக்காது, வாங்கவும் ஆள் வராது. அந்த மாதங்களில் பாதிதான். ஒரு ஐப்பசியில் அதுவும் இல்லை.

கல்யாணத்துக்கு நிற்கும் பையன் அக்கா வீட்டுக்காகக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் எந்தப் பெண் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? நானே ஒரு பெண்ணைப் பெற்றிருந்தால் ஒத்துக்கொள்வேனா என்று யோசித்துப் பார்ப்பேன். மாட்டேன். அதனால்தான் எனக்கு அந்தப் பயம். அவனுக்குக் கல்யாணம் ஆகாமல் போனால் அதற்குக் காரணம் என் கடையில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கிரைண்டர்தான்.

பெருந்துறைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும், ஃப்ரீசர் சுவிட்சைப் போட்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன். போட்டுத்தான் இருந்தது. வண்டி மறுபடி கிளம்பியதும் என் வீட்டுக்காரர் தம்பிக்குப் பாடம் எடுத்தார்.

"இத பாரு மாப்ள. கேட்டா நாப்பத்தஞ்சுன்னு சொல்லிப்போடு. அதான உன்ற சம்பளம்? பிடித்தம், சொசைட்டின்னு நீயா எதையும் இழுக்காத."

"அவங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படிச் சொல்லிக்கறனுங்க மச்சான்."

"வாத்தியாருங்ககிட்ட இதுதான் தொந்தரவு. கேள்விய நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தான் பதில் எழுதுவாங்க."

அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ பயந்துக்கிட்டு எதையாச்சும் பேசி வெச்சுராத அம்மிணி. காப்பி குடிக்கறதுக்கு மட்டும் வாயத் தொற. அவங்க என்னதான் வற்புறுத்துனாலும் யாரும் கை நனைக்கக் கூடாது, ஆமா."

கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம், ஜிலேபி கூடத் தின்னலாம். சோறோ இட்லியோ தோசையோ சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், சாப்பிட்டுவிட்டு வந்த மானக்கேடு நம்மோடு இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் மனசு ஒத்துப்போகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பசியோடு திரும்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

போய் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா சாந்தமான மனுஷர். "வாங்க, வாங்க, வெயிலுங்க" என்றதோடு அவர் பேச்சு முடிந்தது. மீதிப் பேச்சு முழுவதும் பெரியப்பா. அவருக்குப் பெருந்துறை தொழிற்பேட்டையில் வெல்டிங் ஷெட் இருந்தது. வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். எங்களிடம் ஊர், மழை, தென்னை நோய் எல்லாம் விசாரித்துவிட்டு, தம்பி பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"ஏனுங் தம்பி, மலைக்குத் தெனமும் போயிட்டு வாரீங்களா?"

"ஆமாங்க."

"ஆனை வருமே?"

"அதுவும் வருமுங்க. அது வர்ற அன்னைக்கு நாங்க ஒதுங்கிக்குவோம்."

பெரியப்பாவுக்கு அது பிடித்துப்போனது. தொடையில் தட்டிச் சிரித்தார். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, எங்கள் ஊர்ப்பக்கத்து மரியாதை மாறாமல் கேட்டார். "தப்பா எடுத்துக்கப்படாது. கையில எவ்வளவுங்க வருது?"

சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் தம்பி நாற்பத்தைந்து என்றிருப்பான். கையில் எவ்வளவு என்று கேட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் இருமினார். தம்பி கேள்வியை நன்றாகப் படித்துப் பார்த்தான்.

"இருபத்தாறாயிரமுங்க" என்றான்.

பெரியப்பா தரகரைப் பார்த்தார். தரகர் சுவரில் இருந்த காலண்டரில் முகூர்த்த நாள் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் எழுபது என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"இருபத்தாறுங்களா?" என்றார் பெரியப்பா. "ஏனுங் தம்பி, என்ற ஷெட்டுல வெல்டரு முப்பது வாங்கறான். எட்டாவது பெயிலு. நம்ம தோப்புக்குத் தேங்கா போட வாரவன் மரத்துக்கு இத்தனைன்னு பேசி, மாசத்துல உங்களவிட எச்சாத்தான் கொண்டுட்டுப் போறான். நம்ம பொண்ணுக்கே கோயமுத்தூரு கம்பெனியில அறுபத்தெட்டு வருதுங்க. நீங்க இத்தனை படிச்சுப்போட்டு..."

"நானும் லீவு நாள்ல மரம் ஏறப் பழகிக்கறனுங்க" என்றான் தம்பி. "ஆனா சம்பளம் நாப்பத்தஞ்சுங்க. பிடித்தம் போகத்தான் இருபத்தாறு."

"அது என்னங்க அத்தனை பிடித்தம்?"

"பென்சனுக்குக் கொஞ்சம் பிடிப்பாங்க. இன்சூரன்சு. மிச்சம் சொசைட்டி லோனுங்க."

"லோன் எதுக்குங்க?"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்து அவன் தரையைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. "வீட்டுத் தேவைக்குங்க" என்றான்.

"என்ன தேவைங்க?"

தம்பி காலி டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தான். பெரியப்பா கெட்ட மனுஷர் இல்லை. தன் தம்பி மகளைக் கொடுக்கப் போகிறவர், கேட்கத்தான் வேண்டும். "இந்தக் காலத்துல போன்லயே ரம்மி கிம்மின்னு ஆடிப்போட்டுக் கடன்ல நிக்கறாங்க. அதுக்காவ கேட்டனுங்க" என்றார்.

என் தம்பி ரம்மியா? அவனுக்குச் சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்றே தெரியாது. வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்ததும் பயம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அக்காவுக்குக் கொட்டிக் கொடுக்கிறவன் என்ற பெயர். சொல்லாவிட்டால் ரம்மி ஆடுகிறவன் என்ற பெயர். எழுந்தவள் மறுபடி உட்கார முடியாமல், எல்லோரும் பார்க்க, நேராக உள்ளே சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். பெண்கள் எழுந்து சமையல்கட்டுக்குப் போவதை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அங்கே பெண்ணின் அம்மா அடுப்பு முன்னால் நின்றிருந்தார். தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். "அவருக்குச் சக்கரை. பதினோரு மணிக்குள்ள எதாவது சாப்பிட்டாகணும்" என்று பெரியப்பா இருந்த பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சித்த உக்காருங்க. என்ற மச்சாண்டார் கேக்கறது அப்படித்தான் இருக்கும். மனசு வெள்ளை."

அந்தக் குரலுக்கே எனக்கு அழுகை வரும்போல இருந்தது. உட்கார்ந்து, கொட்டிவிட்டேன். "அந்தக் கடன் என்னுதுங்க. தம்பி ஒரு பாவமும் அறியாதவன். நான் மாவுக்கடை வெக்கறதுக்கு அவன் கையெழுத்துப் போட்டான். நான் மாசாமாசம் அவனுக்குக் குடுத்துருவனுங்க. மழை மாசத்துல மட்டும் முடியாது. என்னால இந்த எடம் தட்டிப்போச்சுன்னா..."

அவர் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் பதினாலு வருஷம் டீச்சரா இருந்தனுங்க. பிரைவேட்ல" என்றார். "கடைசியா வாங்குனது பதினொண்ணாயிரம். அதுவும் மே மாசம் கெடையாது. லீவுதானேம்பாங்க. லீவுல நம்ம வயிறும் லீவு எடுக்குமா? கவர்மெண்டுக்கு மூணு வாட்டி பரீட்சை எழுதினேன். மூணாவது வாட்டி ரெண்டு மார்க்குல போச்சு. உங்க தம்பி உக்காந்திருக்கற நாற்காலிக்கு நான் எத்தனை ராத்திரி படிச்சிருக்கேன் தெரியுங்களா? மச்சாண்டாருக்கு அது வெல்டர் சம்பளமாத் தெரியுது."

அப்போது கல்லில் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. அவர் திருப்பிப் போடத் திண்டாடினார். மாவைப் பார்த்தேன். உளுந்து பத்தவில்லை, புளிப்பும் ஏறியிருந்தது மாதிரி தெரிந்தது. புளிப்பா, இல்லையா? என் கை என்னைக் கேட்காமலே போய், தட்டில் வைத்திருந்த தோசையில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு பாத்திரத்து மாவிலும் ஒரு தோசை ஊற்றி, ஒரு விள்ளல் தின்று பார்த்துவிட்டுத்தான் நான் கடைக்கு அனுப்புவேன். பல வருஷப் பழக்கம்.

"புளிப்பு சரியா இருக்குதுங்க. உளுந்துதான் கொறச்சல். கூடக் கொஞ்சம் வெந்தயம் போடலாம்" என்று மென்றுகொண்டே சொன்னேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவர் முகம் மலர்ந்தது. "கை நனைச்சுட்டீங்க!" என்றார்.

வாயில் இருந்த தோசையை முழுங்கவா துப்பவா என்று எனக்குத் தெரியவில்லை. துப்பினால் அதைவிடக் கேவலம். முழுங்கினேன். அதற்குள் அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். "மாப்ள வீட்டு அம்மிணி கை நனைச்சாச்சுங்க. அவங்க பக்கம் சம்மதம்" என்று சத்தமாகச் சொல்வது கேட்டது.

நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. என் வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்திருந்தார். தம்பி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"மாவு பதம் பாத்தனுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? இதற்கு மேல் கெடுவதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியதும் எனக்கு வாய் வந்துவிட்டது. "அந்த லோன் என்னுதுங்க. என்ற மாவுக்கடைக்கு வாங்குனது. அவன் சீட்டும் ஆடறதில்ல, ஒரு எழவும் ஆடறதில்ல. பேங்குல எனக்குக் குடுக்கலைங்க. அவன் கையெழுத்துக்குக் குடுத்தாங்க."

அதுவரை அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண் என்னிடம் கேட்டாள். "மாவுக்கடையில மாசம் எவ்வளவுங்க நிக்கும்?"

"வெயில் மாசத்துல எல்லாம் போக நாப்பது நிக்குமுங்க."

பெரியப்பா சிரித்துவிட்டார். "அட, வாத்தியாரவிட மாவு மேலயா இருக்குதே! நான் தப்பான ஊட்டுப் பையனப் பாக்கறனாட்ட இருக்குது. ஏனுங், உங்களுக்குப் பையன் யாராச்சும்..."

"ஏழாவது படிக்கறானுங்க" என்றார் என் வீட்டுக்காரர், அந்த நேரத்திலும்.

"நாப்பது நிக்கறது நாலு மாசந்தானுங்க" என்றேன். "மழை பேஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல. தம்பி சம்பளம் மழைக்கும் வருமுங்க."

பெண் தம்பி பக்கம் திரும்பினாள். "சம்பளம் எந்தத் தேதி வருமுங்க?"

"மாசக் கடைசி நாளே வந்துருமுங்க."

"தவறுனதே இல்லையா?"

"இல்லீங்க."

அவள் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "பெரியப்பா, போன மாசம் ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம் எங்க டீம்ல பாதிப் பேரக் கூப்பிட்டு, லேப்டாப்ப வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. என்ற பக்கத்து சீட்டு அக்கா ஊட்டுக்கடன் கட்டிட்டு இருந்தாங்க. எனக்கு அறுபத்தெட்டு வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லாதீங்க. எத்தனை மாசத்துக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பெரியப்பா போனை எடுத்துப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டார். "பேசிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார். பெண் வீடுகளில் பெரும்பாலும் முடிவாகச் சொல்கிற வாக்கியம் அது. அதற்கு முன்னால் பல வீடுகளில் அதைக் கேட்டிருக்கிறோம்.

திரும்பும்போது காரில் அம்மா அவினாசி தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"வூட்டுல தோசையே காணாதவளா நீ? ஊருக்கெல்லாம் தோசை மாவு குடுக்கறவ, ஒரு விள்ளலுக்கு ஆசைப்பட்டு மானத்த வித்துப்போட்டு வந்திருக்கறா. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சுக்குவேன்?"

"விடும்மா" என்றான் தம்பி. "உப்பு சரியா இருந்துச்சாக்கா?"

"கொஞ்சம் கம்மி" என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அவனுக்குச் சரியாகக் கேட்டதோ என்னவோ.

அடுத்த சில நாள் நான் மனுஷியாகவே இல்லை. போன் அடித்தால் திடுக்கென்றது, அடிக்காவிட்டாலும் திடுக்கென்றது. தம்பி எப்போதும்போல மலைக்குப் போய் வந்தான். சாயங்காலம் என் கடைக்கு வந்து, பிள்ளைகள் வாசிக்கப் பழகுகிற கதை சொல்வான். அந்த வாரம் ஒரு பெண் பிள்ளை முதன்முதலாக ஒரு பக்கம் முழுவதையும் தானே வாசித்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். வெல்டருக்கு முப்பது வரட்டும், தேங்காய் போடுகிறவருக்கு இன்னும் அதிகம் வரட்டும். அவர்கள் வேலையும் லேசு இல்லை. ஆனாலும் இப்படி ஒரு முகத்தோடு வீட்டுக்கு வருகிறவனுக்கு ஒரு வீட்டில்கூடப் பெண் இல்லையா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "அக்கா, எனக்குப் பக்கத்து ஸ்கூல்ல ஒருத்தர், இதே வேலை, எனக்குக் கொஞ்சம் முன்னாடி சேந்தாருங்கறதுக்காவ என்னவிட எச்சா வாங்கறாரு. அதையே நான் யோசிக்கறதில்ல. நீ எதுக்கு இத்தனை யோசிக்கற?" என்றான். அவன் யோசிக்காத எல்லாவற்றையும் சேர்த்து நான்தானே யோசிக்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. தரகர் இல்லை. தெரியாத நம்பர். எடுத்தால், அன்றைக்கு "வெயிலுங்க" என்பதற்கு மேல் பேசாத பெண்ணின் அப்பா.

"அம்மிணி, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க" என்றேன். அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஒரு ஆறு பேருக்கு மாவு எடுத்து வெய்யுங்க. காரமடைக்கு வாரோம்."

எனக்குப் புரியவில்லை. பெருந்துறையிலிருந்து எதற்கு மாவு வாங்க வருகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "எத்தனை கிலோவுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "விலைக்கு இல்ல அம்மிணி. நீங்க எங்க ஊட்ல கை நனைச்சுட்டீங்க. நாங்க உங்க ஊட்ல நனைக்க வேண்டாமா?"

சனிக்கிழமை ஊறப்போட்ட உளுந்தை நான் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சாம்பார், இரண்டு சட்னி. என் தோசை ஒன்றுகூட ஒட்டவில்லை. பெரியப்பா சர்க்கரையை மறந்து ஏழு தோசை சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, பெரிய மனுஷராகக் கடனைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். கல்யாணத்தில் வரும் மொய்யில் சொசைட்டிக் கடனைக் கட்டி முடித்துவிடலாம், பிடித்தம் நின்றுவிடும், சம்பளமும் பார்க்கிறதுக்குச் சம்பளமாக இருக்கும் என்றார். நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

பெண் வேண்டாம் என்றாள். "அது அவங்க கடைக் கடன். கடை கட்டட்டும். மாசாமாசம் நங்கை என்ற கையில குடுத்தாப் போதும்" என்றாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். தாலி ஏறுவதற்கு முன்பே அவள் அப்படிக் கூப்பிட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. அம்மா அன்றைக்கே என்னை மன்னித்துவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம், என் மகள் வேண்டுமென்றே திட்டம் போட்டுத்தான் அந்தத் தோசையைத் தின்றாள் என்று இப்போது சொல்கிறாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஆடி பிறப்பதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளையும் கூப்பிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். அவள் நேராக என் கடைக்கு வந்தாள். பாக்கெட்டில் மாவு நிரப்ப ஆரம்பித்தாள். அறுபத்தெட்டாயிரம் வாங்கின கை. அளவு தப்பாமல் நிரப்பியது. சாயங்காலம் தம்பி வந்து, "பேசாம இரு, மாசக் கடைசி வந்துரும்" என்று மட்டும் சொன்னான். வந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை தனிக்குடித்தனம் போயிருந்த அவர்கள் வீடு அந்த இருபத்தாறாயிரத்தில்தான் ஓடியது. அது ஆடி மழை, எனக்கும் வியாபாரம் இல்லாத காலம். என்னால் பாதிதான் கொடுக்க முடிந்தது. கூசிக்கொண்டே நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "உளுந்து ஊறப்போட்டீங்களா நங்கை?" என்றாள்.

இப்போது அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை. முன்னைவிடக் குறைச்சல்தான். சம்பளம் என்ன என்று பெரியப்பாகூடக் கேட்பதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வண்டியில் வந்து இறங்குவார்கள். தம்பி கிரைண்டரைத் தட்டிப் பார்த்து, "என்ற மாணவன் எப்படி இருக்கான்?" என்பான். அவள் தோசைக்கு உட்காருவாள். நான் பணத்தைக் கொடுப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை, கடன் முடிந்துவிட்டால் இப்படி வருவீர்களா மாட்டீர்களா என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை வந்து, வாய்விட்டும் கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்களே தவிரப் பதில் சொல்லவில்லை. நான் அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரம் இருக்கிறது. இந்த மாதப் பிடித்தம் போக, சொசைட்டியில் பாக்கி ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய்.